யூரிப்பிடிஸ் பெண்களை வெறுத்தவரா, பெண்களுக்காகப் பேசியவரா?

பண்டைய கிரேக்க நாடகக் கவிஞர் யூரிப்பிடிஸ் சலாமிஸ் தீவின் குகை ஒன்றில் தனித்து வாழ்ந்தார், பெண்களை வெறுத்தார், கடைசியில் வேட்டைநாய்கள் குதறி இறந்தார் என்று ஒரு நூலில் படித்திருக்கிறீர்கள். வேறொரு கட்டுரை அவரைப் பெண்ணுரிமைக்காக எழுந்த முதல் குரல் என்கிறது. இரண்டில் எதை நம்புவது, அவரை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரைப் பற்றி இவ்வளவு கதைகள் யார் மூலம் நம்மிடம் வந்து சேர்ந்தன? அதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் மற்றவை தாமாகவே இடத்தில் அமர்ந்துவிடும். நான் கல்லூரியில் பல ஆண்டுகள் பண்டைய நாடகம் கற்பித்தவன். கிரேக்க மூலத்தை அகராதியும் உரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பேன். ஆகவே சுவடிகள், பாடபேதங்கள் பற்றிச் சொல்லும் இடங்களில் அத்துறை அறிஞர்களின் முடிவுகளையே சார்ந்திருக்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏதென்ஸில் ஆண்டுதோறும் இளவேனிலில் டயோனிசஸ் தெய்வத்துக்குப் பெருவிழா நடக்கும். மூன்று கவிஞர்கள் போட்டியிடுவார்கள். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களையும் அவற்றை அடுத்து ஒரு கேலிக்கூத்தையும் மேடையேற்ற வேண்டும். யார் எந்த ஆண்டில் எந்த இடம் பெற்றார் என்பதை நகரம் பதிந்து வைத்தது. அந்தப் பதிவுகளை அரிஸ்டாட்டில் திரட்டினார். அவருடைய திரட்டிலிருந்து எடுத்த குறிப்புகள் சில நாடகங்களின் முகப்பில் இன்றும் எஞ்சியிருக்கின்றன. ஆகையால் யூரிப்பிடிஸின் மேடை வாழ்க்கைக்கு நல்ல சான்று உண்டு. கி.மு. 455இல் முதன்முதலாகப் போட்டியிட்டுக் கடைசி இடம் பெற்றார். முதல் வெற்றிக்கு 441 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 438இல் அல்செஸ்டிஸ் நாடகம் இடம்பெற்ற தொகுதிக்கு இரண்டாம் இடம். 431இல் மெடியா இருந்த தொகுதிக்கு மூன்றாம் இடம், அதாவது கடைசி இடம். 428இல் ஹிப்போலிட்டஸுடன் முதலிடம். 415இல் ட்ராய் நகரப் பெண்களைப் பற்றிய நாடகத்துடன் வந்தபோது செனோக்ளிஸ் என்பவரிடம் தோற்றார். அந்த செனோக்ளிஸின் நாடகம் ஒன்றுகூட இன்று இல்லை. ஏறத்தாழ 90 நாடகங்கள் எழுதியவர் உயிரோடு இருந்தபோது நான்கே முறை வென்றார். இறந்தபின், விட்டுச்சென்ற நாடகங்கள் மேடையேறியபோது ஐந்தாவது வெற்றி வந்தது. அதே விழாவில் அவர் காலத்து இன்னொரு பெருங்கவி சோஃபக்கிளிஸ் 18 முறை வென்றவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறந்த ஆண்டிலேயே ஐயம் தொடங்கிவிடுகிறது. பாரசீகக் கடற்படையைக் கிரேக்கர்கள் சலாமிஸில் முறியடித்த அதே நாளில், கி.மு. 480இல், அதே தீவில் பிறந்தார் என்பது மரபு. அந்தப் போரில் ஈஸ்கிலஸ் போரிட்டார், வெற்றி விழாவில் இளம் சோஃபக்கிளிஸ் ஆடினார், யூரிப்பிடிஸ் அன்றுதான் பிறந்தார் என்று மூன்று பெருங்கவிகளையும் ஒரே நாளில் கோத்துவிடுகிறது கதை. இவ்வளவு அழகாகப் பொருந்தி வருவதே அதன்மேல் ஐயம் கொள்ளப் போதும். பேராஸ் தீவில் கிடைத்த, கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காலவரிசைக் கல்வெட்டு ஒன்று சில ஆண்டுகள் முந்தைய பிறப்பைத் தருகிறது. 480ஐ ஒட்டி என்று வைத்துக்கொண்டால் போதுமானது.

அவருடைய தாய் சந்தையில் கீரை விற்றவள் என்ற கதை அரிஸ்டாஃபனிஸின் நகைச்சுவை நாடகங்களிலிருந்து வருகிறது. அங்கே அது திரும்பத் திரும்ப வரும் கேலி. ஏதென்ஸின் வரலாற்றை எழுதிய ஃபிலோக்கரஸ் அதை மறுத்து, அவள் நல்ல குடியில் பிறந்தவள் என்றார். பெண்கள் ஒன்றுகூடி அவரைத் தண்டிக்கச் சதி செய்தார்கள் என்ற செய்தியின் ஊற்றும் அதே அரிஸ்டாஃபனிஸ்தான். 411இல் அவர் எழுதிய நாடகத்தில் பெண்கள் தங்கள் திருவிழாவில் கூடி, தங்களை மேடையில் இழிவுபடுத்திய யூரிப்பிடிஸுக்கு என்ன தண்டனை தருவது என்று பேசுகிறார்கள். அவரோ தம் முதிய உறவினர் ஒருவருக்குப் பெண்வேடமிட்டு அந்தக் கூட்டத்துக்குள் அனுப்புகிறார். இது முழுக்க முழுக்கக் கூத்து. ஆனால் சாட்டிரஸ் என்ற பிற்கால எழுத்தாளர் இதை வாழ்க்கைச் செய்தியாக எடுத்துக்கொண்டார். அவர் எழுதிய யூரிப்பிடிஸ் வரலாற்றின் துண்டுகள் எகிப்தின் ஆக்சிரிங்கஸில் பாப்பிரஸ் என்ற நாணல் தாள்களில் கிடைத்து 1912இல் அச்சாயின. ஒரு கவிஞரைப் பற்றிய வரலாறு எப்படித் தயாராகிறது என்பதை அந்தத் துண்டுகளில் கண்ணெதிரே பார்க்கலாம்: நகைச்சுவை நாடகத்திலிருந்து ஒரு கேலி, கவிஞரின் சொந்த நாடகங்களிலிருந்து சில வரிகள், இரண்டையும் சேர்த்தால் ஒரு நிகழ்ச்சி.

குகை விஷயம் இதைவிடச் சற்று நுட்பமானது. சலாமிஸின் தென்கடற்கரையில் பெரிஸ்டேரியா என்ற இடத்தில் ஒரு குகை உண்டு. 1990களில் நடந்த அகழாய்வில் யூரிப்பிடிஸின் பெயரெழுத்துகள் கீறிய கோப்பைத் துண்டு அங்கே கிடைத்தது. செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. கோப்பை அவருடைய காலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஆனால் எழுத்துகள் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. ரோமானியர் காலத்தில் வந்த யாரோ ஓர் அன்பர் தம் கவிஞர் அமர்ந்து எழுதிய இடம் இதுவென்று நம்பி அதை விட்டுச் சென்றிருக்க வேண்டும். குகையை அவருடையதாக மக்கள் கருதினார்கள் என்பதற்கு அது சான்று. அவர் அங்கே எழுதினார் என்பதற்குச் சான்றாகாது.

முதுமையில் அவர் மாசிடோனியா மன்னர் ஆர்கெலாஸின் அவைக்குப் போனார் என்பதைச் சிலர் ஐயுறுகிறார்கள். நான் நம்புகிறேன். காரணம் அரிஸ்டாட்டில். அந்த அவையில் ஒருவன் யூரிப்பிடிஸின் வாய் நாற்றத்தைப் பற்றிப் பேசியதால் மன்னர் அவனைக் கசையடிக்காகக் கவிஞரிடமே ஒப்படைத்தார் என்று அவர் தம் அரசியல் நூலில் போகிறபோக்கில் சொல்கிறார். அரிஸ்டாட்டிலின் தந்தை மாசிடோனிய அரச மருத்துவர் என்பதால், இது அவர் வீட்டுக்குள்ளேயே வழங்கிய செய்தியாக இருந்திருக்கலாம். நாய்கள் குதறிய கதையை மட்டும் தயக்கமின்றித் தள்ளிவிடலாம். யூரிப்பிடிஸ் இறந்தது 406ஐ ஒட்டி. 405இல் அரிஸ்டாஃபனிஸ் தவளைகள் என்ற நாடகத்தை மேடையேற்றினார். அதில் இறந்துபோன யூரிப்பிடிஸ் பாதாளத்தில் ஈஸ்கிலஸுடன் வாதிடுகிறார். அவரை எத்தனை விதமாகக் கேலி செய்ய முடியுமோ அத்தனையும் வருகிறது. நாய்களைப் பற்றி மூச்சே இல்லை. அப்படியொரு சாவு நடந்திருந்தால் அரிஸ்டாஃபனிஸ் விட்டிருப்பாரா? தெய்வத்தைப் பழித்தவன் கிழிபட்டுச் சாவான் என்பது யூரிப்பிடிஸ் தாமே பாக்கே நாடகத்தில் பெந்தியஸ் மன்னனுக்கு எழுதிய முடிவு. பிற்காலத்தார் அதை எடுத்து அவருக்கே போட்டுவிட்டார்கள்.

இனி உங்கள் மையக் கேள்வி. பெண்களை வெறுத்தார் என்பவர்கள் பெரும்பாலும் ஹிப்போலிட்டஸிலிருந்து ஒரு பேச்சை எடுத்துக் காட்டுவார்கள். ‘ஜீயஸே, பெண்ணென்ற தீமையை ஏன் சூரிய ஒளியில் குடியேற்றினாய்? பொன்னோ இரும்போ வெண்கலமோ கோயிலில் கொடுத்து, அவரவர் கொடுத்ததற்கேற்பப் பிள்ளைகளை வாங்கிக்கொள்ளும்படி செய்திருக்கலாமே’ என்று ஓர் இளைஞன் கொதிக்கிறான். பெண்ணுரிமைக் குரல் என்பவர்கள் மெடியாவிடம் போவார்கள். ‘உயிரும் அறிவும் உள்ளவற்றில் பெண்களாகிய நாமே மிகவும் பரிதாபமானவர்கள். பொன்னைக் கொட்டிக் கணவனை வாங்குகிறோம், அவனையே நம் உடலுக்கு எசமானனாக ஏற்கிறோம். வீட்டில் ஆபத்தில்லாமல் வாழ்கிறோமாம்! ஒருமுறை பிள்ளை பெறுவதைவிட மூன்று முறை கேடயம் தாங்கிப் போர்க்களத்தில் நிற்பேன்’ என்கிறாள் அவள். இரண்டு பேச்சும் மூலத்தில் அப்படியே இருக்கின்றன. இரண்டு தரப்பும் செய்யும் பிழை ஒன்றுதான்: பாத்திரத்தின் வாய்மொழியைக் கவிஞரின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வது.

ஹிப்போலிட்டஸ் எப்போது அப்படிப் பேசுகிறான் என்று பாருங்கள். சிற்றன்னை ஃபீட்ராவுக்குத் தன்மேல் காதல் என்று தாதி வந்து சொன்ன அதிர்ச்சியில் பேசுகிறான். ஃபீட்ராவோ அந்தக் காதலை வெளியே சொல்லாமல் பட்டினி கிடந்து சாகத் துணிந்தவள். அவளை மீறித்தான் தாதி சொல்லிவிட்டாள். அவமானத்தில் குன்றிப்போன அந்தப் பெண்ணின் காதில் விழும்படி இவன் பெண்குலத்தையே சபிக்கிறான். பார்வையாளர் இவன் பக்கம் நிற்பதற்காக எழுதிய காட்சியாக எனக்கு இது தோன்றவில்லை. தன் தூய்மையின்மீது அவனுக்கு இருக்கும் கர்வமும் அவன் அழிவுக்கு ஒரு காரணம். மெடியாவும் அப்படியே. தன்னைக் கைவிட்டு வேறொருத்தியை மணந்த கணவனைத் தான் பழிவாங்கப் போவதைக் கொரிந்து நகரப் பெண்கள் வெளியே சொல்லிவிடக் கூடாது என்ற தேவை அவளுக்கு இருக்கிறது. அவள் சொல்வது உண்மை. அந்த உண்மையை அவள் ஆயுதமாகவும் பயன்படுத்துகிறாள். அதே கைகளால் பின்னர் தன் இரு பிள்ளைகளையும் கொல்கிறாள்.

யூரிப்பிடிஸின் கலை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. மேடைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் தம் தரப்பை முழு வலிமையோடு சொல்ல அவர் இடம் தருகிறார். அல்செஸ்டிஸில் அட்மீட்டஸ் என்ற மன்னன், தனக்குப் பதிலாகச் சாக மனைவி முன்வந்ததை ஏற்றுக்கொண்டவன், வயதான தந்தை ஃபெரிஸ் ஏன் தனக்காகச் சாகவில்லை என்று பிணத்தின் முன்னே நின்று திட்டுகிறான். கிழவர் தரும் பதிலில் ஒரு வரி: ‘ஒளியைக் காண்பது உனக்கு இன்பம், உன் தந்தைக்கு மட்டும் இன்பமில்லை என்று நினைக்கிறாயா?’ ஃபெரிஸ் உயர்ந்த மனிதர் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அட்மீட்டஸிடம் பதில் கிடையாது, நம்மிடமும் கிடையாது. இப்படி எழுதுகிறவரை எந்த ஒரு பாத்திரத்தின் பக்கமாகவும் நிறுத்திவைக்க முடியாது. இருந்தாலும் ஒன்றைத் தயங்காமல் சொல்வேன்: ஆண்களே எழுதி, ஆண்களே நடித்த மேடையில் பெண்ணின் சினத்துக்கும் கணக்குக்கும் துயரத்துக்கும் இவ்வளவு இடமும் இவ்வளவு அறிவும் தந்த கவிஞர் வெறுப்பினால் எழுதியிருக்க மாட்டார்.

மெடியாவைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். பிள்ளைகளைத் தாயே திட்டமிட்டுக் கொன்றாள் என்பது யூரிப்பிடிஸின் புனைவு என்று பாடநூல்கள் உறுதியாகச் சொல்லும். வேறு மரபுகளில் கொரிந்து மக்கள்தான் அவர்களைக் கொல்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் இதே கதையை நியோஃப்ரான் என்பவர் முன்பே எழுதிவிட்டார் என்று ஒரு பழங்குறிப்பு உண்டு. அதை ஏற்பவரும் மறுப்பவரும் இருக்கிறார்கள். இரண்டாவது, பிள்ளைகளை அணைத்து அவர்களின் மென்மையான தோலையும் இனிய மூச்சையும் பற்றி அவள் பேசி, கொல்ல மனமில்லாமல் பின்வாங்கி, மீண்டும் துணிந்து, மீண்டும் தளரும் அந்தப் புகழ்பெற்ற தனிமொழி. அதன் பின்பகுதி பிற்கால நடிகர்கள் சேர்த்ததாக இருக்கலாம் என்று ஐயுறும் அறிஞர்கள் உண்டு. எனக்கு அந்தத் தடுமாற்றம் முழுவதும் ஒரே கை எழுதியதாகவே தோன்றுகிறது, ஆனால் இது ரசிகனின் உணர்வு. அதைத் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம்.

ஒரே ஒரு நாடகத்தைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் ட்ராய் நகரப் பெண்கள் நாடகத்தைத் தருவேன். கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. கிரேக்கர்களிடம் நகரம் வீழ்ந்துவிட்டது, ஆண்கள் செத்துவிட்டார்கள், பெண்களை யாருக்கு அடிமையாகத் தருவது என்று குலுக்கிப் போட்டுப் பிரிக்கிறார்கள். போரில் இறந்த ட்ராய் மாவீரன் ஹெக்டரின் மகன் ஆஸ்டியனாக்ஸ் சின்னக் குழந்தை. வளர்ந்தால் பழிவாங்குவான் என்று அவனை மதிலிலிருந்து தூக்கி எறிகிறார்கள். தாய் ஆண்ட்ரமாக்கி அதற்குள் கப்பலேற்றப்பட்டுவிட்டாள். உடலைத் தந்தையின் கேடயத்தில் கிடத்திப் பாட்டி ஹெக்குபாவிடம் கொண்டுவருகிறான் கிரேக்கத் தூதன் தல்த்திபியஸ். வரும் வழியில் ஸ்கமாண்டர் ஆற்றைக் கடந்தபோது உடலைக் கழுவி, காயங்களைத் துடைத்துவிட்டேன், உனக்கு ஒரு வேலை குறைந்தது என்கிறான் அந்தப் பகைவன். ஹெக்குபா கேடயத்தைப் பார்க்கிறாள். கைப்பிடியில் ஹெக்டரின் கை பதிந்த தடம் இருக்கிறது. விளிம்பில் வியர்வைக் கறை: போரில் களைத்து அவன் தாடையைக் கேடயத்தில் சாய்க்கும்போதெல்லாம் நெற்றியிலிருந்து சொட்டியது. பிறகு பேரனிடம் பேசுகிறாள். ‘பாட்டி, நீ செத்தால் என் முடியை வெட்டி வைப்பேன், தோழர்களைக் கூட்டிக்கொண்டு உன் கல்லறைக்கு வருவேன் என்று என் ஆடையில் முகம் புதைத்துச் சொல்வாயே. இப்போது கிழவி நான் உன்னைப் புதைக்கிறேன்.’ கல்லறையில் என்ன எழுதுவது என்று கேட்டுத் தானே சொல்கிறாள்: ‘இந்தக் குழந்தைக்கு அஞ்சிக் கிரேக்கர்கள் இவனைக் கொன்றார்கள்.’ கிரேக்கர்கள் நிறைந்த அரங்கில் ஒரு கிரேக்கர் எழுதிய வரி இது.

இந்த நாடகம் மெலோஸ் தீவில் நடந்ததற்கு எதிர்வினை என்று எங்கும் படிப்பீர்கள். நிகழ்ச்சி உறுதியானது. நடுநிலை வகிக்க விரும்பிய மெலோஸை ஏதென்ஸ் முற்றுகையிட்டு, கி.மு. 416-415 குளிர்காலத்தில் பிடித்து, வயதுவந்த ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். நாடகம் அடுத்த இளவேனிலில் மேடையேறியது. ஆனால் விழாவுக்குப் பல மாதங்கள் முன்பே கவிஞர்கள் தேர்வாகிவிடுவார்கள். ஆகவே நாடகத்தின் கரு மெலோஸ் விழுவதற்கு முன்பே உருவாகியிருக்கக்கூடும். அவர் எதை நினைத்து எழுதினார் என்பது ஊகம். அரங்கில் இருந்தவர்கள் எதை நினைத்தபடி பார்த்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவருடைய குறைகளையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஒருவர் வந்து முன்கதையை ஒப்பிப்பதும், கடைசியில் பாரந்தூக்கியில் தெய்வம் இறங்கி முடிச்சை அவிழ்ப்பதும் அவரிடம் அடிக்கடி வரும். மெடியா சூரியனின் தேரில் தப்பிப்பதை அரிஸ்டாட்டில் குறை சொன்னார். அதே அரிஸ்டாட்டில், மற்றவற்றைச் சரியாகக் கையாளாவிட்டாலும் கவிஞர்களிலேயே துன்பியல் உணர்வை மிகுதியாக எழுப்புபவர் இவர்தான் என்றும் எழுதினார். நான் இருக்கவேண்டிய மனிதர்களைக் காட்டுகிறேன், யூரிப்பிடிஸ் இருக்கும் மனிதர்களைக் காட்டுகிறார் என்று சோஃபக்கிளிஸ் சொன்னதாகக் குறித்திருப்பவரும் அவரே.

நடுவர்கள் கொடுக்காததை மக்கள் கொடுத்தார்கள். 413இல் சிசிலியில் தோற்றுச் சிறைப்பட்ட ஏதென்ஸ் வீரர்களில் சிலர், யூரிப்பிடிஸின் வரிகளைத் தெரிந்தவரை சொல்லிக்காட்டி விடுதலை பெற்றார்கள், ஊர் திரும்பி அவருக்கு நன்றி சொன்னார்கள் என்று வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க் எழுதுகிறார். 500 ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர் என்பதால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் யூரிப்பிடிஸ் இறந்தபின் கிரேக்க உலகெங்கும் மிக அதிகமாக மேடையேறியவரும் பள்ளிகளில் படிக்கப்பட்டவரும் அவரே என்பதற்குப் பாப்பிரஸ் துண்டுகளே சாட்சி. ஈஸ்கிலஸின் ஏழு நாடகங்களும் சோஃபக்கிளிஸின் ஏழும் மிஞ்சியிருக்க, இவர் பெயரில் 19 மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் பத்து, பழங்காலத்தில் படிப்பதற்காகத் தேர்ந்தெடுத்துப் போற்றியவை. மீதி ஒன்பதும் தற்செயலாகத் தப்பியவை. அகரவரிசையில் அடுக்கிய முழுத் தொகுப்பொன்றின் ஒரு பகுதி, எப்சிலான் முதல் கப்பா வரையிலான கிரேக்க எழுத்துகளில் தொடங்கும் நாடகங்கள், 14ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றில் பிழைத்து ஃபுளோரன்ஸ் நூலகத்தில் இருக்கிறது. ஹெலன், எலெக்ட்ரா, அயான் எல்லாம் அப்படி வந்தவை. எகிப்தின் மண் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது: 2022இல் பண்டைய ஃபிலடெல்ஃபியாவில் கிடைத்த தாளில், தொலைந்துபோன இரண்டு நாடகங்களின் ஏறத்தாழ 100 வரிகள் இருந்தன, 2024இல் அவை வெளியாயின.

முன்பு சொன்ன ஆக்சிரிங்கஸின் பாப்பிரஸ் புதையலில் நம் பக்கத்தைத் தொடும் ஒன்றும் உண்டு. யூரிப்பிடிஸின் டாரிஸ் நாட்டில் இஃபிஜினியா நாடகத்தைக் கேலியாக மாற்றிய கூத்து அது. அந்நியக் கரையில் சிக்கிய கிரேக்கப் பெண்ணைச் சகோதரன் மீட்பதுதான் கதை. ஆனால் இந்தக் கூத்தில் அந்தக் கரை இந்தியக் கடற்கரை. உள்ளூர் மன்னனும் ஆட்களும் பேசும் புரியாத மொழியைக் கன்னடம் என்று 1904இல் ஹுல்ட்ஷ் என்ற கல்வெட்டறிஞர் கருதினார். துளு என்றவர்களும் உண்டு. வெறும் ஒலிக்கூட்டம் என்பவர்களும் இருப்பதால் இது இன்னும் தீராத வழக்கு.

படிக்கும் வரிசை கேட்டீர்கள். மெடியாவில் தொடங்குங்கள்; கதை நேராகப் போகும், பாத்திரங்கள் குறைவு. அடுத்து ஹிப்போலிட்டஸ், பிறகு ட்ராய் நகரப் பெண்கள், பிறகு பாக்கே. பாக்கேயின் கடைசிப் பகுதியில் சுவடியின் ஏடு தொலைந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் அந்த இடைவெளியை வெவ்வேறு விதமாக நிரப்புவார்கள், குழம்ப வேண்டாம். இந்த நான்குக்குப் பின் அல்செஸ்டிஸ், அயான். ஒரெஸ்டிஸையும் ஃபினீசியப் பெண்களையும் தள்ளிப்போடுங்கள். பழைய கதைகள் பழகியபின்தான் அவை சுவைக்கும். ரீசஸ் அவருடையதுதானா என்பதிலேயே வழக்கு இருப்பதால் அது கடைசிக்கும் கடைசி. வரி எண்களும், ஐயத்துக்குரிய வரிகளுக்கு அடைப்புக்குறிகளும் இட்ட மொழிபெயர்ப்பாகப் பார்த்து வாங்குங்கள். முன்னுரையில் நாய்க் கதையை வரலாறாகச் சொல்லும் பதிப்பு என்றால் வேறு பதிப்பைத் தேடலாம்.